மற்றப் பெட்டி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க சார். எனக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான், நான் வெளியில பார்க்கப் போறதில்ல. என்னைத் தெரியலையா? நேத்து சாயங்காலம் உங்களுக்கு ரூம் சாவி குடுத்தேனே, பதினாலாம் நம்பர். பேரைக் கேட்டு உயிரை எடுத்தேனே, அந்த ஆள்தான். இதுல உங்க பேர் எது, அப்பா பேர் எது, தனித்தனியாச் சொல்லுங்கன்னு கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்துருச்சு. "யோவ், ரூம் குடுக்கறியா, பொண்ணு குடுக்கறியா"ன்னீங்க. நல்ல கேள்வி சார். ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கொஞ்சம் எடுங்களேன். நேத்து கவுண்டர்ல வெச்சு, அறந்தாங்கிக்கு எத்தனை மணிக்குப் பஸ்ஸுன்னு கேட்டீங்களே, அதேதான். மாப்பிள்ளை உங்க ஆபீஸ்காரர். அவர் பேரை மட்டும் பார்த்திருப்பீங்க. பொண்ணு பேருக்கு மேல ஒரு வரி இருக்கு பாருங்க. தெய்வத்திரு வீ. குழந்தைவேலு, பவுனம்மாள் இவர்களின் ஏக புத்திரி. படிச்சீங்களா?

அந்தக் குழந்தைவேலு நான்தான் சார்.

பயப்படாதீங்க. குடிக்கல. வாயை வேணா ஊதிக் காட்டறேன். இதோ ஆதார் கார்டு இருக்கு, லாட்ஜு ஐடி இருக்கு. வீ. குழந்தைவேலு, தகப்பனார் வீராச்சாமி. உசிரோடதான் இருக்கேன். தெய்வத்திருன்னு போட்டது அச்சகத்துக்காரன் தப்பு. அவனுங்களுக்கு ஒரு பழக்கம் சார், அப்பன் நேர்ல வந்து பத்திரிகைக்கு வாசகம் குடுக்கலைன்னா தானா அதைச் சேர்த்துருவானுங்க. பவுனு அப்படி எழுதிக் குடுத்திருக்க மாட்டா. பவுனு என் சம்சாரம். புரூஃப் பார்த்திருக்க மாட்டா. அவ்வளவுதான்.

முகூர்த்தம் ஒன்பதுலேர்ந்து பத்தரை. இந்த டிரைவர் ஒன்பதேகாலுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துருவான். புதுக்கோட்டையில டீ குடிக்க நிறுத்தாம இருந்தாச் சரி. இன்னைக்கு நான் உள்ள போயிருவேன் சார். நேரா மேடைக்கிட்டப் போயி, நான் சாகலை, உன்னை விட்டுட்டும் ஓடலை, உங்கம்மா கடிதத்துக்காகத் தினம் போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும். அது ஒண்ணுதான். வேற ஒரு உரிமையும் கேட்கப் போறதில்ல. ஒரு சோறு கூடச் சாப்பிட மாட்டேன். வேட்டி பாருங்க, புதுசு.

கண்டக்டர் வந்துட்டார். உங்களுக்கு எடுத்துட்டீங்களா? எனக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு குடுங்க.

ஆமா சார், மண்டபம் ஸ்டாப் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடியே வந்துரும். தெரியும். வாய்ப் பழக்கம், பஸ் ஸ்டாண்டுன்னுட்டேன். இறங்கறதுக்கு என்ன, எங்க வேணா இறங்கலாம்.

தொண்ணூத்தி மூணுல நான் போனேன். கொரியாவுக்குன்னு சொல்லித்தான் போனேன். அதுக்கு முன்னாடி மில்லுல நைட் ஷிப்ட். ஒன்பதாவதோட நின்னவன் சார் நான். ஆனா அந்த நைட் ஷிப்ட்ல, நூல் அறுந்தா முடிச்சுப் போட்டுட்டு வந்து, மிஷினுக்கு நடுவுல நின்னுக்கிட்டே டிக்‌ஷனரி படிச்சேன். நாலு வருஷம். இங்கிலீஷ்ல லெட்டர் எழுதுவேன், ஃபாரம் பூர்த்தி பண்ணுவேன். மில்லுல பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் குடுப்பேன். அந்தத் தெம்புலதான் கிளம்பினேன். பவுனுக்கு அப்ப ஏழு மாசம்.

ஏஜெண்ட் என்ன பண்ணினான், எங்களைப் பாங்காக்குல கொண்டுபோய் இறக்கினான். பதினாறு பேரு. பத்து நாள்ல விசா வந்துரும், அதுவரைக்கும் இங்க இருங்கன்னான். ஒரு சந்துக்குள்ள மாடி ரூம். அட்ரஸை யாருக்கும் குடுக்கக் கூடாது, கடிதம் வரக் கூடாது, போலீஸ் மோப்பம் புடிச்சுரும்னான். அப்ப எங்க ஊர்ல போனும் கிடையாது. மெயின் ரோட்டு மருந்துக் கடையில ஒண்ணு இருந்துச்சு. ஒருதடவை அங்க அடிச்சேன். "யாரு, யாரு"ன்னு கத்திக்கிட்டே இருந்தான், கட்டாயிருச்சு.

ஆனா நான் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் சார். போறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வெச்சிருந்தேன். எந்த ஊரா இருந்தாலும் பெரிய போஸ்ட் ஆபீஸ்ல ஒரு ஏற்பாடு உண்டு. போஸ்ட் ரெஸ்டாண்டேன்னு பேரு. வீடு வாசல் இல்லாத ஆளுக்கு, பேரைப் போட்டு, பெரிய போஸ்ட் ஆபீஸ்னு போட்டு அனுப்பினாப் போதும். அவங்க எடுத்து வெச்சிருப்பாங்க. நாம போயி பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கலாம். ரெண்டு மாசம் வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள வாங்கலைன்னா அனுப்பினவங்களுக்கே திருப்பி விட்டுருவாங்க.

இதைப் பவுனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். காலண்டர் தாளுக்குப் பின்னால பெரிய எழுத்துல எழுதிக் குடுத்து, தினம் பத்துத் தடவை எழுது, எழுதுன்னு. அவ அஞ்சாவது படிச்சவ. இங்கிலீஷ் எழுத்தை வரையற மாதிரி வரைவா. முதல்ல மாட்டேன்னுட்டா. ஏன்னா, புருஷன் பேரைச் சொல்ல மாட்டா. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கற பொம்பளையைச் சொல்லச் சொல்லுவா. எழுதினா மட்டும் ஆகுமான்னு கேட்டா. எழுதறது வேற, சொல்றது வேறன்னு நான்தான் சமாதானம் பண்ணினேன். ஒருநாள் என் பேரை முழுசா எழுதிட்டு, மேல கையை வெச்சு மறைச்சுக்கிட்டா. வெட்கம்.

அதுல ஒரு தடவை இனிஷியலை விட்டுட்டு எழுதிட்டா. வெறும் குழந்தைவேலுன்னு. எனக்கு வந்துச்சே கோபம். அப்பன் பேர் இல்லாம எழுதினா என்னை எவன்னு நினைப்பான், அப்பன் பேர் தெரியாதவன்னு நினைக்க மாட்டானா, முன்னால வி எழுத்துப் போடாம ஒரு கவர் கூட அனுப்பாதேன்னு கத்தினேன். அழுதுட்டா. அப்புறம் விடாமப் போட்டா சார். கரெக்டா ஒரு வி, ஒரு புள்ளி, அப்புறம் முழுப் பேரு. அவ மேல குத்தம் சொல்ல முடியாது. நான் சொன்னபடிதான் எழுதினா.

தூங்கற மாதிரி கண்ணை மூடாதீங்க சார். இன்னும் கீரனூர் கூட வரலை.

தினம் போனேன். ரூம்லேர்ந்து நடந்தா முக்கால் மணி நேரம். போலீஸ் நிக்கற தெருவையெல்லாம் விட்டுச் சுத்திப் போனா ஒரு மணி நேரம். பெரிய கட்டடம் சார், கோயில் மண்டபம் மாதிரி உசரம். உள்ள ஒரு ஓரத்துல நீள மேஜை. மேஜை மேல மரப் பெட்டிங்க, ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. வெள்ளைக்காரப் புள்ளைங்க முதுகுல மூட்டையோட வரும். பெட்டியைத் துழாவும். கடிதம் கிடைச்சா அங்கேயே தரையில உட்கார்ந்து பிரிச்சுப் படிச்சுச் சிரிக்கும். அழும். அதுங்க பாட்டுக்கு.

மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா. நான் பாஸ்போர்ட்டை நீட்டுவேன். பார்த்துட்டு ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால வைக்கும். நீயே பார்த்துக்கன்னு கையைக் காட்டும். வி பெட்டி. தினம் வி பெட்டி.

அந்தப் பெட்டியில இருக்கற அத்தனை கடிதமும் எனக்கு மனப்பாடம் சார். வெர்னான்னு ஒருத்தன், அவன் அம்மா வாரம் ஒரு கார்டு போடுவா. கடைசி வரைக்கும் வந்து வாங்கலை படுபாவி. ஒரு கவர்ல செண்ட் வாசனை அடிக்கும், ரெண்டு மாசம் அடிச்சுது, அப்புறம் காணோம். யார் யாருக்கோ வந்துச்சு. எனக்கு ஒண்ணும் வரலை. முதல் மாசம், சரி, தபால் வர நேரம் ஆகும். ரெண்டாவது மாசம், உடம்பு முடியலையோ. மூணாவது மாசம், பிரசவ சமயம். நாலாவது மாசம் என்ன நினைக்கறது? நீங்களே சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? நான் எழுதினேனான்னா? எழுதாம? போன உடனேயே எழுதினேன். மாசம் ரெண்டுன்னு கணக்கு வெச்சுக்கிட்டேன்.

அங்க யோகநாதன்னு ஒரு ஆளு. யாழ்ப்பாணத்துக்காரர். எங்க ரூமுக்குக் கீழ் ரூம்ல இருந்தார். கனடா போகணும்னு வந்து ஒரு வருஷமாக் கிடந்தார். அவரும் போஸ்ட் ஆபீஸுக்கு வருவார். அவருக்கு வாரம் ரெண்டு கடிதம் வரும், அக்காகிட்டேர்ந்து. எனக்குப் பார்க்கவே பத்திக்கிட்டு வரும். ஒருநாள், ரெண்டாவது மாசம்னு நினைக்கறேன், அவர் சொன்னார். "அண்ணை, உந்தப் பெட்டியை மட்டும் பாத்துக் காணாது. மற்றப் பெட்டியையும் ஒருக்காப் பாருங்கோவன்."

எந்தப் பெட்டின்னேன்.

"உங்கட சொந்தப் பேரிண்ட பெட்டி. அப்பாண்ட பேர் வேற, உங்கட பேர் வேறயெல்லோ. இவையள் எதை எதில போடினமெண்டு ஆருக்குத் தெரியும்."

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு சார். என் பேர் எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் டிக்‌ஷனரி படிச்சவனுக்கு அட்ரஸ் எழுதக் கத்துக் குடுக்கறாரா? நான் சொன்னேன், "தம்பி, எங்க ஊர்ல அப்பன் பேரை முன்னால போட்டுத்தான் எழுதுவோம். உங்க வேலையைப் பாருங்க." அவர் சிரிச்சார். "சரி அண்ணை, கோவிக்காதேங்கோ"ன்னுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை.

கே பெட்டி அதே மேஜையிலதான் இருந்துச்சு. கையை நீட்டினா எட்டும்.

சிரிக்காதீங்க. இல்ல, நீங்க சிரிக்கலை, சரி. விஷயம் என்னன்னா, பாஸ்போர்ட் ஃபாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு இடம் இருக்கு. நமக்கு ஏது குடும்பப் பேரு? ஏஜெண்ட் அதுல எங்கப்பா பேரை எழுதிட்டான். வீராச்சாமின்னு. அந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பார்க்கும், வீராச்சாமி, வி பெட்டின்னு எடுத்துக் குடுக்கும். பவுனு கவர்ல எழுதினது எப்படி? அப்பா பேருக்கு ஒரே ஒரு எழுத்து, என் பேரு முழுசா. கடிதத்தைப் பிரிக்கறவன் முழுசா இருக்கற பேரைத்தானே பார்ப்பான். குழந்தைவேலு, கே பெட்டின்னு போட்டுருவான். நான் வீராச்சாமியாப் போயி நிக்கறேன், கடிதம் குழந்தைவேலுவா வந்து கிடக்குது. ஏழு மாசம் சார். ஒரே மேஜையில.

யார் மேல தப்புச் சொல்றது? அந்த அம்மா மேல இல்ல. பவுனு மேல இல்ல. ஏஜெண்ட்டுதான். அந்த ஃபாரத்தை நான் பூர்த்தி பண்றேன்னு சொன்னேன், அவன்தான் கேட்கலை.

வந்தது புதுக்கோட்டையா? டீக்கு நிறுத்திட்டானே. சார், இறங்காதீங்க, அஞ்சு நிமிஷம்னு சொல்லுவான், கால் மணி ஆக்குவான். மணி என்ன? எட்டே பத்தா? பரவாயில்ல, நேரத்துக்குப் போயிரலாம்.

ஏழாவது மாசம் எனக்குக் காய்ச்சல். எழுந்திரிக்க முடியலை. அன்னைக்கு ஒருநாள்தான் நான் போகலை சார், மொத்தத்துல அந்த ஒருநாள். யோகநாதன் கீழேர்ந்து வந்து, "பாஸ்போர்ட்டைத் தாங்கோ, நான் பாத்துக்கொண்டு வாறன்"ன்னார். குடுத்தேன். மத்தியானம் வந்தார். கையில ஒரு கவர். என்னைப் பார்க்காம சுவரைப் பார்த்துக்கிட்டு நீட்டினார்.

வி, புள்ளி, குழந்தைவேலு. வரைஞ்ச எழுத்து.

அவர் மேல எனக்குக் கோபம் வந்துச்சு சார். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. கடிதம் வந்த சந்தோஷம் அப்புறம்தான் வந்துச்சு. முதல்ல வந்தது கோபம். அவர் சொன்னது சரியாப் போச்சுல்ல.

அந்தக் கடிதம் இதோ இருக்கு. உரைக்குள்ள. மடிப்பு விட்டுப் போச்சு, பிரிச்சா கிழிஞ்சுரும். எனக்குப் பார்க்காமலேயே தெரியும், கேளுங்க. "இது எட்டாவது காயிதம். ஏழும் திரும்பி வந்துருச்சு. மேல கை படம் போட்டு முத்திரை குத்தியிருக்கு, கை என் பேரைப் பார்த்து நீட்டிக்கிட்டு இருக்கு. தபால்காரர் குடுக்கறப்ப முன்னெல்லாம் ஏதாச்சும் கேலி பண்ணுவார். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார், அதான் பயமா இருக்கு. பொம்பளப் புள்ளை. பேரு நீங்கதான் வைக்கணும்னு வைக்காம வெச்சிருக்கேன். பேரில்லாத புள்ளைன்னு தெருவுல கூப்பிடுதுக. ஒரு பேரை மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம். ஆடிப் பதினெட்டுக்குள்ள பதில் வரலைன்னா, நீங்க இல்லைன்னோ, நான் வேணாம்னோ எடுத்துக்கறேன். இனி எழுத மாட்டேன்."

பாருங்க, கடைசி வரைக்கும் கடிதத்துக்குள்ள என் பேரை எழுதலை. கவர் மேல மட்டும்தான். எட்டுத் தடவை.

என் கைக்கு வந்த அன்னைக்கு ஆவணி பிறந்து ஒன்பது நாள்.

இப்ப நீங்க கேட்கற கேள்வி எனக்குத் தெரியும். அன்னைக்கே உட்கார்ந்து எழுதியிருக்கலாமேன்னு கேட்கறீங்க. எல்லாரும் அதையேதான் கேட்கறாங்க. யோகநாதன் பேனாவையே எடுத்துக் கையில குடுத்தார். ஆனா சார், அவ குடுத்த கெடு தாண்டிப் போச்சு. இருபது நாள் தாண்டிப் போச்சு. கெடு முடிஞ்சப்புறம் எழுதினா அதுல என்ன மரியாதை இருக்கு? கொரியா போயிட்டு, ஒரு நல்ல அட்ரஸ்லேர்ந்து, ஒரு போட்டோவோட எழுதுவோம்னு நினைச்சேன். நினைச்சு, பேரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, உரைக்குள்ள போட்டு வெச்சேன். மறக்காம இருக்க. அதுவும் இதுக்குள்ளேயேதான் இருக்கு. என்ன பேருன்னு கேட்காதீங்க. கேட்க வேண்டியவ கேட்டாத்தான் சொல்லுவேன்.

கொரியா எங்க போனேன். அடுத்த வாரமே ரூம்ல ரெய்டு. நான் தப்பிச்சு எல்லை தாண்டி மலேசியா. செம்பனைத் தோட்டத்துல, அதான் எண்ணெய் எடுக்கற பனை, ஆறு வருஷம். அங்கேர்ந்து எழுதலையான்னா, எங்கேர்ந்து எழுதறது? மரத்து மேலேர்ந்தா? அதுவும் ஒரு பக்கம் வெச்சுக்கங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல சார். போன உடனே நான் ஒரு கடிதம் போட்டேன். வந்து சேர்ந்தேன், இந்த அட்ரஸுக்கு எழுதுன்னு. அதுக்கப்புறம் அவ முறைதானே? அவ கடிதம் வந்தாத்தானே நான் பதில் எழுதறது? வராத கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதறது?

ஆமா. ஒண்ணுதான். மாசம் ரெண்டுன்னு சொன்னேனா? ரெண்டு எழுதணும்னு இருந்தேன். போட்டது ஒண்ணு.

பஸ்ஸை எடுத்துட்டான். அப்பாடா.

தொண்ணூத்தி ஒன்பதுல பொதுமன்னிப்பு குடுத்தாங்க, திரும்பி வந்தேன். திருச்சியில இறங்கினதும் ஊருக்குப் போகலை, இந்த லாட்ஜுல வேலைக்குச் சேர்ந்துட்டேன். அவ வீட்டுக்கு எந்த முகத்தோட, யார் கூப்பிட்டுப் போறது? அவ தம்பி ரெங்கையாவை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி ஆள் விட்டேன். வந்தான். டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கலை. ஆறிப் போச்சு. அவனும் டீயைப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

"எட்டுக் கடுதாசி மச்சான். ஏழு திரும்பி வந்துச்சு, எட்டாவது வரலை. அது வராததைப் பார்த்து எங்கக்கா என்ன நெனச்சுச்சு தெரியுமா? மனுசன் வாங்கிட்டாருன்னு நெனச்சுச்சு. வாங்கிட்டாரு, பதில் வரும்னு ஒரு வருசம் வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. புள்ளைக்கு தடுப்பூசி போடப் போன எடத்துல, பேர் இல்லாம அட்டை எழுத மாட்டேன்னு நர்ஸம்மா ஒரு பேரை எழுதிருச்சு. வினோதினின்னு. அதான் பேரு."

நான் வி பெட்டி, கே பெட்டியெல்லாம் விளக்கிச் சொன்னேன். மேஜையில விரலால கோடு போட்டுக் காட்டினேன். அவன் கேட்டுட்டு, "அந்த எட்டாவது உங்க கைக்கு வந்துச்சா இல்லையா?"ன்னான். வந்துச்சுன்னேன். எழுந்திரிச்சுட்டான் சார். அவனுக்கு அந்த நுணுக்கமெல்லாம் புரியலை. படிக்காத ஆளு.

நான் விடலை. லாட்ஜு அட்ரஸை ஒரு தாள்ல எழுதி அவன் சட்டைப் பையில வெச்சேன். "உங்கக்காகிட்டக் குடு. நான் இங்கதான் இருப்பேன். ஒரு வரி எழுதச் சொல்லு, வந்துடறேன்"னு. குடுத்தானா, போற வழியில கிழிச்சுப் போட்டானா, தெரியலை. அந்த வேலையை விட்டு நான் அசையலை சார். இருபது வருஷம். சம்பளம் கூடக் குடுக்கறேன்னு சென்னைக்குக் கூப்பிட்டாங்க, போகலை. போயிட்டா கடிதம் வந்தா யார் வாங்கறது? காலையில டூட்டி முடிஞ்சாலும் தபால்காரர் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன், பதினோரு மணி வரைக்கும். அவர் என்னைப் பார்த்ததும் தூரத்துலேர்ந்தே கையை ஆட்டிருவார். நம்ம லாட்ஜுல தங்கிட்டுப் போனவங்களுக்கு வர்ற தபாலையும் நான் எடுத்து வெச்சிருக்கேன். சாவி மாட்டற பலகைக்குக் கீழ ரெண்டு அறை. ஒரே கடிதத்துக்கு ரெண்டு இடத்துலயும் சீட்டு எழுதிப் போட்டிருக்கேன், அவங்க பேர்லயும் அவங்க அப்பா பேர்லயும். பத்து வருஷக் கடிதமெல்லாம் இருக்கு. நம்மகிட்டக் கெடு கிடையாது. யாரும் வர்றதில்ல, அது வேற விஷயம்.

எத்தனை கிலோமீட்டர் இருக்கும் லாட்ஜுலேர்ந்து பவுனு வீட்டுக்கு? எண்பது. தொண்ணூறு வெச்சுக்கங்க. பஸ்ஸுல ரெண்டரை மணி நேரம். பாங்காக்குல ஒரு நாளைக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி நடந்தவன் சார் நான். தினம் நடந்தேன். அதுக்கு ஒரு சாட்சி இல்ல. கடிதம் வாங்கறவங்கதான் அங்க நோட்டுல கையெழுத்துப் போடணும். வாங்காதவனுக்குக் கையெழுத்து கிடையாது. இருநூறு நாள் வந்து நின்னுட்டுப் போனான்னு எந்த நோட்டுலயும் இல்ல. என் பாஸ்போர்ட்டைத் தினம் பார்த்த அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அது இப்ப இருக்கோ இல்லையோ.

ஏன் இங்க வரலைன்னா என்ன அர்த்தம்? கூப்பிடாம எப்படி வர்றது? நீங்க நேத்து வந்தவர், உங்களுக்குச் சொன்னாப் புரியாது. எங்க பக்கத்துல, செத்த வீட்டுக்குத்தான் கூப்பிடாமப் போகலாம்.

ஆவுடையார்கோயில் ரோடு பிரியற இடம் வந்துருச்சா? இல்ல, இது வேற. எனக்கு ஊரே அடையாளம் தெரியலை. இந்தக் கல்யாண மண்டபம் அப்ப இல்ல. இங்க ஒரு குளம் இருந்துச்சு.

அந்தச் சத்தம் கேட்குதா? நாயனம். ஸ்பீக்கர்ல போடறதா, நேரா வாசிக்கறதா? நேராத்தான். ரெங்கையா நல்லாப் பண்ணியிருக்கான். வாழைமரம் கட்டியிருக்கு பாருங்க. அந்த பேனர்ல இருக்கறதுதானா? அந்தச் சிவப்புப் புடவை? பஸ் வேகமாப் போகுதே, சரியாத் தெரியலை. கண்ணு பவுனு கண்ணு மாதிரி இருக்கா? நீங்க பவுனைப் பார்த்ததில்லை, உங்களைப் போயிக் கேட்கறேன்.

மணி ஒன்பது இருபது. இன்னும் தாலி ஏறியிருக்காது.

விசில் குடுத்துட்டான் சார், இறங்குங்க. கிஃப்ட் பெட்டியை விட்டுராதீங்க. நானா? நான்... இப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடறேன். டிக்கெட் அதுவரைக்கும் எடுத்திருக்கு. உள்ள போறேன்னுதான் சொன்னேன். சொன்னேன், இல்லைங்கலை. ஆனா நினைச்சுப் பாருங்க. தாலி கட்டற நேரத்துல, பத்திரிகையில தெய்வத்திருன்னு போட்ட ஆளு செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தா எப்படி இருக்கும்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? எனக்குப் பத்திரிகை வெச்சு யாரும் கூப்பிடலையே. இந்தப் பத்திரிகை உங்களுக்கு வந்தது, எனக்கு வந்ததில்ல.

இந்த உரையைப் பிடிங்க. புடிங்க சார், கையை இழுக்காதீங்க, கெஞ்சிக் கேட்கறேன். பொண்ணு கையில குடுங்க. மேடையில கூட்டமா இருந்தாக் காத்திருந்து குடுங்க. அவசரத்துல வேற யார்கிட்டயும் குடுத்துராதீங்க, ரெங்கையாகிட்டக் குடுக்கவே குடுக்காதீங்க. உள்ள ஒரு பழைய கடிதமும் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கு. யார் குடுத்தான்னு கேட்டா, பஸ் ஸ்டாண்டுல டைம் ஆபீஸுக்கு எதிர்ல பெஞ்சுல ஒரு ஆள் இருக்கார், சாயங்காலம் அஞ்சு மணி பஸ் வரைக்கும் இருப்பார்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் வந்து கூப்பிட்டா நான் வந்துருவேன். ஒரு ஆளை விட்டுக் கூப்பிட்டாலும் போதும்.

நீங்க சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க. வர்றப்ப எனக்கு ஏதாச்சும் குடுத்து விட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. குழந்தைவேலுன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா உடனே திரும்பிராதீங்க. வினோதினி அப்பான்னு கேளுங்க. ரெண்டு பேர்லயும் கேட்டுப் பாருங்க சார்.